கண்டி அண்ணன் ஏறிய கரி பஸ்

ராசிபுரத்தைத் தாண்டி நாமக்கல் போகிற சாலையில் ஒரு நிறுத்தத்துக்குக் 'காதுகுத்து மரம்' என்று பெயர். எந்தப் பலகையிலும் அந்தப் பெயர் கிடையாது. ஆனால் கண்டக்டர்கள் எல்லோரும் "காதுகுத்து எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். போன மாதம் டீக்கடையில் என்னைப் பார்த்த ஒரு கண்டக்டர் தம்பி, "ஏனுங்க, அங்க கோயிலும் இல்ல, குளமும் இல்ல. எவன் அங்க போயிக் காது குத்துனான்?" என்று கேட்டார். கூட இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காதுகுத்துக்குப் போனவர்களில் நானும் ஒருவன். போனேன் என்பதைவிட, அந்த விசேஷத்துக்குப் பந்தலாக நின்றதே நான் ஓட்டிய பஸ்தான். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை.

நான் வண்டி பழகிய கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டுக் காரைக் கழுவித் துடைத்து, அதன் டிரைவரிடம் குட்டு வாங்கி, லைசன்ஸ் எடுத்து, பஸ்ஸில் உட்கார்ந்தேன். பெட்ரோலில் ஓட்டிய வருஷங்களைப் பற்றியும் சொல்ல ஒன்றுமில்லை. வண்டி ஓடியது, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு போட்ட பிறகுதான் டிரைவர் வேலை என்றால் என்னவென்று தெரிந்தது. பஸ்ஸின் பின்பக்கம் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம்மை மாட்டி, அதில் கரியை எரித்து, அதிலிருந்து வருகிற வாயுவில் எஞ்சினை ஓட்டச் சொன்னார்கள். ஜனங்கள் அதற்குக் கரி பஸ் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் முகத்தைப் பார்த்தும் வைத்திருக்கலாம்.

இப்போது சாவியைத் திருகினால் வண்டி உறுமுகிறது. அன்றைக்கு விடிவதற்கு முன்பே டிரம்மின் அடிக்கதவைத் திறந்து, முந்தின நாள் சாம்பலையும் கட்டிதட்டிய கசடையும் கம்பியால் குத்தி இறக்க வேண்டும். வாயுவை வடிகட்டுகிற பெட்டியில் படிந்த தூளைத் தட்ட வேண்டும். பிறகு மேல்மூடியைத் திறந்து வேலமரக் கரியைக் கொட்ட வேண்டும். பெரிய கட்டியாகப் போட்டால் இடைவெளி விழும், தூளாகப் போட்டால் மூச்சடைக்கும். எலுமிச்சம்பழம் அளவுக்கு உடைத்த கரிதான் சரி. அப்புறம் எண்ணெய்த் துணியில் தீ வைத்து ஓட்டை வழியாகக் காட்டிக்கொண்டே, காற்று ஊதுகிற விசிறியின் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். சுற்றுவது கிளீனர் ஆறுமுகம். என் வயதுக்காரன். டிக்கெட் கிழிப்பதும் அவனேதான். சுற்றுகிற நேரம் முழுக்க அரசாங்கத்தையும் ஜெர்மனிக்காரனையும் மாற்றி மாற்றித் திட்டுவான். கடைசியில் சோதனைக் குழாயைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினால் வாயு பற்றிக்கொள்ளும். மஞ்சளாக எரிந்தால் இன்னும் சுற்ற வேண்டும். நீலமாக எரிந்தால் கிளம்பலாம்.

அந்த நீலத்தைப் பார்க்க வண்டி சேலத்திலிருந்து கிளம்புகிற காலையெல்லாம் முதலாளி ஷெட்டுக்கு வந்துவிடுவார். கரி மூட்டைமேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு சுடரையே பார்ப்பார். ஒல்லியான மனிதர், வெளுப்பு மங்கிய வேட்டி. சொந்த பஸ்ஸில் அவர் ஏறியதே கிடையாது. கேட்டால், "நான் ஏறுனா ஒரு டிக்கெட் போச்சு" என்பார். நாமக்கல்லில் ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் சாயங்காலம் வண்டி திரும்பியதும் மூன்று கேள்விகள் கேட்பார். கரி எவ்வளவு ஆச்சு? அடுப்பு அணைஞ்சுதா? வழியில யாரையாச்சும் உட்டுட்டு வந்தியா? அவருடைய கோபத்துக்கு ஒரே வார்த்தைதான்: "நல்லாப் போச்சு." நடுவழியில் அடுப்பு அணைந்துபோனது தெரிந்தால் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். மறுநாள் காலையில் விசிறியை டிரைவர்தான் சுற்ற வேண்டும் என்று அதற்கு அர்த்தம். பத்து பேர் நடுவில் ஒருநாளும் என்னை அவர் பேசியதில்லை. கையில் தொழில் மட்டும் இருந்த என்னைக் குடும்பஸ்தன் ஆக்கியது அவர் கொடுத்த வேலை. எனக்குப் பெண் கொடுக்க மாமனார் யோசித்தபோது, "பையன் என் வண்டியில இருக்கறான்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எடுபட்டது.

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பனமரத்துப்பட்டி ஏரியில் மாடு மேய்ந்தது. சேலத்தில் காலை வண்டி கிளம்புகிற சமயம், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பஸ்ஸுக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்றார்கள். அவருக்கு ஐம்பது இருக்கும். புருவத்தில் முடியில்லை, காது மடல் தடித்திருந்தது, விரல்கள் உள்ளுக்கு மடங்கியிருந்தன. கூட வந்தவள் அவரைவிட மிகவும் இளையவள், அவளுக்கும் விரல்கள் அப்படித்தான். பார்த்தவுடனே பெருநோய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க, பின்னாடி நிக்க எடமிருந்தாப் போதுங்க, ராசிபுரம் போகோணும்" என்றார் அவர்.

வண்டிக்குள் ஒரே கூச்சல். அதில் பெரிய குரல் நெய்க்காரி ராமாயியுடையது. ராசிபுரத்துப் பக்கத்திலிருந்து சேலத்து வீடுகளுக்கு நெய் கொண்டுவந்து ஊற்றிவிட்டுக் காலிப் பாத்திரத்தோடு திரும்புகிறவள். "இவுங்க ஏறுனா நான் எறங்கிக்கறேன், சொல்லிப்போட்டேன்" என்றாள்.

அன்றைக்கு முதலாளி ஷெட்டிலிருந்து வண்டிக்கூடவே நடந்து வந்திருந்தார். அந்த மனிதரைப் பார்த்து, "எங்கிருந்து வாற?" என்றார்.

"ஆசுபத்திரியில இருந்துங்க. ஊசி போட்டு ஆறிப்போச்சு, இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லி அனுப்பிட்டாருங்க."

"டிக்கெட்டுக்கு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்ன, ஏறு" என்றார் முதலாளி. பிறகு ராமாயி பக்கம் திரும்பி, "நீ எறங்கறதுன்னா எறங்கிக்க. காலிப் பாத்திரந்தானே, வெயிலுக்கு முன்னாடி பாதி தூரம் நடந்தர்லாம்" என்றார். ராமாயி இறங்கவில்லை. பாத்திரத்தை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டாள்.

கரி பஸ்ஸில் கடைசி சீட்டு டிரம்மை ஒட்டி இருக்கும். சூடும் புகையும் தாங்காமல் கூட்ட நாளில்கூட அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். அவர்கள் இருவரும் அங்கே போய் உட்கார்ந்தார்கள். அவர் பெயர் நாச்சிமுத்து, அவள் பெயர் பாவாயி என்று ஆறுமுகம் டிக்கெட் கிழிக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டான்.

மல்லூர் தாண்டி ஓர் ஏற்றம். பெட்ரோல் வண்டிக்கு அது ஏற்றமே இல்லை. கரி வண்டிக்கு மலை. எஞ்சின் இழுக்காமல் முனகத் தொடங்கியதும் ஆறுமுகம் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னான். அது வாடிக்கைதான். ஆண்கள் பின்னால் வரிசையாக நின்று கை கொடுப்பார்கள். நாச்சிமுத்துவும் இறங்கி வந்தார். அவர் பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை. அவர் போகப் போக மற்றவர்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். கடைசியில் காலியாக இருந்தது டிரம் இருந்த மூலை மட்டும்தான். அங்கே போய் நின்று, இரண்டு உள்ளங்கையையும் வைத்துத் தள்ளினார்.

டிரம்மில் கை வைக்காதே என்று யாருக்கும் நாங்கள் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. தெரியாமல் விரல் பட்டால் எவனும் துள்ளிக் குதித்துவிடுவான். நாச்சிமுத்து துள்ளவில்லை. நோயில் மரத்துப்போன அவர் கைக்குச் சூடு தெரியாது. வண்டி ஏற்றத்தின் உச்சியைத் தொடுகிற வரைக்கும் முழு மனசோடு தள்ளியிருக்கிறார்.

பாவாயிதான் முதலில் கண்டுபிடித்தாள். "அண்ணா, கையெடுங்க. தோல் கருகற நாத்தம் வருது" என்று ஓடி வந்தாள். அவர் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் டிரம்மிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டு வந்தேன். ஆறுமுகம் தன் துண்டைக் கிழித்துக் கொடுத்தான். பாவாயி அதைச் சுற்றினாள், ஆனால் முடிச்சுப் போட அவள் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. இரண்டு தரம் நழுவியது. யாராவது வருவார்களா என்று அவள் திரும்பிப் பார்க்கவுமில்லை, மூன்றாம் தரம் முயன்றாள். நான் உட்கார்ந்து அந்த முடிச்சைப் போட்டேன். பயமில்லாமல் போட்டேன் என்று சொன்னால் பொய். போட்ட பிறகு பயம் போய்விட்டது, அதுதான் உண்மை.

"பொழுதோட ஒருத்தர் கையை ஒருத்தர் பாத்துக்கோணும்னு ஆசுபத்திரியில சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றாள் பாவாயி. "நமக்குப் புண்ணு வந்தாத் தெரியாதுங்களே. அண்ணன் எங்கையப் பாப்பாரு, நான் அவரு கையப் பாப்பேன். இன்னைக்கு நான் அசந்துட்டேன்." அவளுக்கு ஊரும் தெரியாது, உறவும் தெரியாது. குழந்தையாக இருக்கும்போதே ஆசுபத்திரி வாசலில் யாரோ விட்டுப்போனார்களாம். அவர் கிளம்பியபோது, கையைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று கூடவே கிளம்பிவிட்டாள்.

இதற்குள் அடுப்பு தணிந்திருந்தது. ஆறுமுகம் விசிறியைச் சுற்ற, மற்றவர்கள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்தார்கள். ராமாயி தன் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த நெய்யை ஓர் இலையில் வழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். இலையைத் தரையில் வைத்து விரலால் நகர்த்திவிட்டு, "தீப்புண்ணுக்கு நல்லது, பூசிக்கட்டும்" என்றாள். பிறகு அங்கேயே நின்றாள். கேள்வி கேட்காமல் அவளால் இருக்க முடியாது. "ராசிபுரத்துல யாரூட்டுக்குப் போறீங்க?"

"யாரூடுன்னு தெரியாதுங்க" என்றார் நாச்சிமுத்து. "பொன்னாயின்னு ஒரு தங்கச்சி. பனமரத்துப்பட்டிக்குப் பக்கத்துல எங்க ஊரு. போயிப் பாத்தேன். அப்பன் ஆத்தா இல்ல, காடும் கைமாறிப் போச்சு. தங்கச்சிய ராசிபுரத்துப் பக்கம் கட்டிக் குடுத்தாங்கன்னு மட்டும் தள்ளி நின்னு சொன்னாங்க. தூரத்துல நின்னு ஒருக்காப் பாத்துட்டுப் போயிர்லாம்னு வந்தேனுங்க."

ராமாயியின் முகம் மாறிவிட்டது. "பொன்னாயிக்கு அண்ணனா? கண்டிக்குப் போன அண்ணனா?"

"கண்டியா?" என்றார் அவர்.

ராமாயி சொன்னது இதுதான். ராசிபுரம் தாண்டி, சாலையோரப் புளியமரத்துக்கு எதிர்த் தோட்டத்தில் பொன்னாயி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் மகள் வள்ளிக்கு ஒன்பது வயது, இன்னும் காது குத்தவில்லை. அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பெண் பிள்ளைகளில் காது மூளியாக நிற்கிறது அது ஒன்றுதான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும். அண்ணன் கண்டியில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார், அவர் வந்தால்தான் குத்துவேன் என்று பொன்னாயி பிடிவாதமாக நிற்கிறாள். பங்காளி வீட்டில் யாராவது ஒருவரை மாமனாக உட்கார வைக்கலாம் என்று மாமியார் கெஞ்சியும் பார்த்தாள், அழுதும் பார்த்தாள், நடக்கவில்லை. "காது குத்தாத புள்ள ஊடுன்னுதான் அந்த ஊட்டுக்குப் பேரு. 'கண்டிக் கப்பல் வந்துருச்சா'ன்னு நாங்கூடக் கேலி பேசியிருக்கறேனுங்க" என்றாள் ராமாயி.

நாச்சிமுத்து என்னிடம்தான் விஷயத்தைச் சொன்னார். நோய் தெரிந்ததும் அப்பன் அவரைத் தோட்டத்துச் சாளையில், அதாவது காட்டுக் குடிசையில், தனியாக வைத்திருக்கிறார். சின்னப் பெண்ணாக இருந்த பொன்னாயிதான் சோற்றைக் கொண்டுவந்து வாசலில் வைப்பாள். அவர் ஆசுபத்திரிக்குப் போனதும், மகன் கண்டிக்குப் போய்விட்டான் என்று அப்பன் ஊரில் சொல்லியிருக்க வேண்டும். பொன்னாயிக்கு உண்மை தெரியும். தெரிந்துதான் காத்திருக்கிறாள்.

"நான் அங்க போகக் கூடாதுங்க" என்றார். "நான் போயி நின்னா அந்தக் கண்டி அண்ணன் செத்துப்போவான். புள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை வரோணும். நீங்க ஓர் ஒத்தாசை பண்ணுங்க. அந்த மரத்துக்கிட்ட எறங்கி, கண்டியில இருந்து சேதி வந்துச்சு, உங்கண்ணன் காச்சல்ல போயிட்டாருன்னு சொல்லிருங்க. வேற மடியில வெச்சுக் காது குத்தட்டும்."

என் சர்வீஸில் எத்தனையோ சேதி கொண்டுபோயிருக்கிறேன். உயிரோடு வண்டியில் உட்கார்ந்திருப்பவருடைய சாவுச் சேதியைக் கொண்டுபோகச் சொன்னவர் இவர் ஒருவர்தான். சரி என்றேன்.

புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் ராமாயி, "நான் போயிக் கூட்டியாறேன்" என்று பாத்திரத்தைச் சீட்டில் போட்டுவிட்டு ஓடினாள். நாச்சிமுத்து தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் பொன்னாயி வந்தாள். கையெல்லாம் சேறு, அப்படியே வந்திருந்தாள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மிணி, கண்டியில இருந்து ஒரு சேதி" என்று ஆரம்பித்தேன்.

"எம்பட அண்ணன் செத்துட்டாருன்னு சொல்லப் போறீங்க, அதானுங்களே?" என்றாள். "ராமாயக்கா அத்தனையும் சொல்லிப்போட்டாங்க. செத்தவரு எந்தச் சீட்டுல ஒக்காந்திருக்காருங்க?"

ராமாயி வாயை நம்பி ஒரு ரகசியத்தை அனுப்பினோமே, எங்களைச் சொல்ல வேண்டும். நான் கடைசி சீட்டைக் காட்டினேன்.

அவள் ஜன்னலோரம் போய் நின்றாள். "அண்ணா, துண்ட எடு" என்றாள்.

"வேண்டாங் கண்ணு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ உசுரோட இருக்கையில இன்னொருத்தர் மடிய நான் எப்படிக் கேப்பேன்? எம்புள்ளைய மூளிக் காதோட ஒம்பது வருசம் வெச்சிருக்கறேன், துண்ட எடு."

அவர் எடுத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். நாங்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நாளைக்கு இந்த வண்டி திரும்பி வருமுங்களா?"

"வருமுங்க."

"ஊட்டுல வெச்சா எங்க மாமியா வாசப்படியில குறுக்கப் படுத்துக்கும். கோயிலுக்குப் போனா ஊரு கேள்வி கேக்கும். ரோடு யாரூட்டுதும் இல்லீங்களே. காது குத்தற பத்தரையும் புள்ளையையும் இந்த மரத்துக்கே கூட்டியாறேன். வண்டி எம்புட்டு நேரம் நிக்கும்?"

கரி வண்டி நின்ற கொஞ்ச நேரத்தில் அடுப்பு தணியத் தொடங்கும். மேலும் நின்றால் அணையும். அணைந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். "காது குத்தற வரைக்கும் நிக்குமுங்க" என்றேன். ஆறுமுகம் என்னை முறைத்தான். "நாளைக்கு விசிறி சுத்தறது நீதான்" என்றான்.

அன்றைக்கு இருவரும் எங்களோடு நாமக்கல் வந்து பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டார்கள். பாவாயி விடியற்காலையிலேயே கமலாலயக் குளத்தில் தண்ணீர் மொண்டுவந்து, ஒதுக்குப்புறமாக அவருடைய வேட்டியைத் துவைத்து, டிரம்மின் சூட்டில் காயவைத்தாள். ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம் புளியமரம் கண்ணில் படுகிறபோது, அந்த வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது.

மரத்தடியில் பொன்னாயி, புதுப் பாவாடையில் வள்ளி, காது குத்துகிற பத்தர், ராமாயி எல்லோரும் நின்றார்கள். பொன்னாயியின் வீட்டுக்காரர் மட்டும் தோட்டத்து வேலியோரம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். வண்டியில் இருந்தவர்கள் நாமக்கல்லில் ஏறிய புது ஆட்கள், ஏன் நிற்கிறோம் என்று முணுமுணுத்தார்கள். "கண்டியில இருந்து தாய்மாமன் வந்திருக்காரு, காது குத்து. செத்த பொறுங்க" என்று ராமாயி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். நூல் மூட்டையோடு இருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கண்டியில இருந்தா? கையெல்லாம் ஏன் அப்படி இருக்குது?" என்று கேட்டார்.

ராமாயியே வாயைத் திறக்கவில்லை. பொன்னாயி முகம் வெளுத்துவிட்டது. அப்போது வேலியோரம் நின்றவர் மெதுவாக நடந்து வந்தார்.

"தேயிலை ஆலையில மிஷின்ல மாட்டிக்கிச்சுங்க" என்றார். "எம்பட மச்சான். பாவம், ரொம்ப சிரமப்பட்டுட்டாரு."

"அடடா" என்றார் நூல் மூட்டைக்காரர். "ஆமாங்க, நேத்து சேலத்துல ரயில் எறங்குனாரு, நான்தான் டிக்கெட் கிழிச்சேன்" என்றான் ஆறுமுகம். பொய் சொல்வதில் அவனுக்கு அவ்வளவு திறமை உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

கடைசி சீட்டில் நாச்சிமுத்து உட்கார்ந்தார். மடியில் பாவாயி ஒரு துணியை விரித்தாள். வள்ளி அதில் ஏறி உட்கார்ந்து, அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. "மாமா, வலிக்குமா?" என்று கேட்டது.

"எனக்குத் தெரியலையே சாமி" என்றார் அவர். "மாமனுக்கு ஒண்ணும் வலிக்கறதில்ல. உனக்கு வலிச்சா எங்கைய நல்லா இறுக்கிப் புடிச்சுக்க."

பத்தர் காது மடலில் சந்தனப் பொட்டு வைத்து, இரண்டு பக்கமும் சரிபார்த்து, தங்கக் கம்பியை எடுத்தார். நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை "ஸ்" என்று மூச்சிழுத்தது, அழவில்லை. கண்ணைத் திறக்காமலேயே அவர் கேட்டார்: "பாவாயி, புள்ள எங்கையப் புடிச்சிருக்குதா?"

"இறுக்கிப் புடிச்சிருக்குதுங்க அண்ணா" என்றாள் பாவாயி. "ரெண்டு கையாலயும்."

இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது. வண்டிக்குள் எல்லோருக்கும் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தார்கள். அதை மென்று முடிப்பதற்குள் அடுப்பு முழுசாக அணைந்துபோயிற்று. நானும் நூல் மூட்டைக்காரரும் மாறி மாறி விசிறியைச் சுற்றினோம். பொன்னாயியின் வீட்டுக்காரர், வீட்டுக்குள் முடியாது, தோட்டத்துச் சாளையில் இரண்டு பேரும் இருந்துகொள்ளட்டும் என்றார். மறுபடியும் சாளைதான். ஆனால் இந்தத் தடவை சோற்றை வாசலில் வைத்துவிட்டுப் போக மாட்டேன் என்று பொன்னாயி சொன்னாள்.

சேலத்துக்கு இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். முதலாளி கரி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். "அடுப்பு அணைஞ்சுதா?"

"அணைஞ்சுதுங்க. நான்தான் அணைய உட்டேன்" என்று நடந்ததை எல்லாம் சொன்னேன்.

அவர் கடைசிவரை கேட்டார். "யாரையாச்சும் உட்டுட்டு வந்தியா?"

"அவங்க ரெண்டு பேரையும் அவங்க ஊட்டுலயே உட்டுட்டு வந்தேனுங்க."

"மொய் வெச்சியா?"

எனக்குப் புரியவில்லை. "இல்லீங்க" என்றேன்.

"நம்ம வண்டியில வெச்சு விசேஷம் நடந்திருக்குது. வெறுங்கையோட வந்து நிக்கற" என்றார். "நல்லாப் போச்சு." எழுந்து போய்விட்டார்.

அந்த மரத்தடியில் பிறகு தினமும் வண்டி நின்றது. வள்ளி தோட்டத்திலிருந்து ஓடிவந்து தோட்டைக் காட்டும். பெயர் வந்த கதை அவ்வளவுதான். ஆனால் நான் இத்தனை வருஷம் கழித்தும் கும்பிட நினைப்பது காதுகுத்துக்கு மறுநாள் காலையைத்தான்.

நான் விசிறியைச் சுற்றி முடித்து, சுடர் நீலமானபோது, முதலாளி வெளுத்த வேட்டியும் சட்டையுமாக வந்தார். கையில் ஒரு தட்டு. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, குழந்தைக்குப் பாவாடைத் துணி, மாமனுக்கு ஒரு துண்டு. நேராக வண்டியில் ஏறி, டிரம்மை ஒட்டிய கடைசி சீட்டில் உட்கார்ந்தார். ஆறுமுகம் திகைத்து நின்றான். "என்ன பாக்கற? டிக்கெட்டக் கிழி" என்று காசை நீட்டினார். வழியெல்லாம் புகையில் இருமிக்கொண்டே வந்தார். ஏற்றத்தில் இறங்கித் தள்ளவும் செய்தார்.

மரத்தடியில் நாச்சிமுத்துவும் பாவாயியும் நின்றிருந்தார்கள். முதலாளி தட்டோடு இறங்கியதும் நாச்சிமுத்து பின்னால் நகர்ந்தார். "கீழ வெச்சிருங்க, நான் எடுத்துக்கறேனுங்க" என்றார்.

"சீர்த்தட்டக் கீழ வெக்கற பழக்கம் எங்கூட்டுல இல்லீங்க" என்றார் முதலாளி. கட்டுப் போட்ட அந்த இரண்டு கையிலும் தட்டை வைத்து, அவர் பிடித்துவிட்டார் என்று தெரிகிற வரைக்கும் தன் கையை எடுக்காமல் நின்றார். வண்டிக்குள் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி சற்று உரக்கவே கேட்டார்:

"ஏனுங்க, கண்டியில மழையெல்லாம் எப்படிங்க?"

நாச்சிமுத்து தட்டையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அங்க ஓயாத மழைங்க" என்றார். "ஆனா என்னதான் காஞ்சு கெடந்தாலும் நம்மூரு மாதிரி வருமுங்களா."

"அது சரிதானுங்க" என்றார் முதலாளி. பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீ என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கற? அடுப்பு அணையப் போகுது பாரு."